நடந்தாரா, ஓடினாரா

அந்தோணியார் கோயில் பூசையில் நற்கருணை அப்பம் வாங்க எல்லோரும் எழுந்து போகும் நேரத்தில் அம்புரோஸ் அண்ணன் எழுந்திருக்க மாட்டார். ஆண்கள் பக்கத்தில், கடைசி பெஞ்சின் ஓரத்தில் உட்கார்ந்தபடி, மற்றவர்கள் தாண்டிப் போவதற்கு முழங்காலை ஒதுக்கி வழி விடுவார். அவருடைய மனைவி டோரிஸ் அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து போய் வாங்கிக்கொண்டு, ஆண்கள் பக்கம் திரும்பாமல் தன் இடத்துக்கு வந்துவிடுவார். இரண்டு வருடமாக இப்படித்தான் என்று அக்கா என் அம்மாவிடம் சொன்னார். குழாயடியில் நின்று சொன்னதால் பிரிக்பீல்ட்ஸ் ரயில்வே குவாட்டர்ஸ் முழுவதும் அது தெரிந்துபோயிற்று.

அம்புரோஸ் அண்ணனைப் பற்றி யாரும் எழுதப் போவதில்லை. நான் எழுதுவதற்குக் காரணம், கப்பலேறி மதராசுக்குப் போய் நான் படித்துவிட்டு வந்த படிப்பை என்னிடம் கேட்டு வாங்கிய ஒரே ஆள் அவர்தான்.

கிள்ளானுக்கு அப்பால் ஒரு காப்பித் தோட்டத்தில் பிறந்தவர். காப்பியை வெட்டிவிட்டு அங்கே கித்தா, அதாவது ரப்பர், நட்டபோது அவருடைய அப்பா தோட்டத்தை விட்டு ரயில்வேக்கு வந்தார். அண்ணன் சிறு வயதில் சிக்னல் விளக்குகளைத் துடைக்கும் வேலையில் சேர்ந்தார். பிறகு கொக்கி மாட்டுபவரானார், பிறகு ஷண்டர். மிஷன் பள்ளியில் கொஞ்ச காலம் படித்தார். ஞானோபதேசப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பார். மகள் பெர்னடெட்டைக் கிள்ளானில் கட்டிக் கொடுத்துவிட்டார். ரயில்வே திடலில் ஞாயிற்றுக்கிழமைப் பந்தாட்டத்துக்கு அவர்தான் நடுவர். விசில் கிடையாது, இரண்டு விரலை வாயில் வைத்து ஊதுவார். நான் மதராசுக்குப் போவதற்கு முன் அந்தச் சத்தம் எங்கள் வீடு வரை கேட்கும். திரும்பி வந்தபோது வேறு யாரோ நடுவராக இருந்தார்.

ஷண்டர் வேலை என்னவென்று சொல்லிவிடுகிறேன். சரக்கு ரயில் யார்டுக்குள் வந்து நின்றதும் அதன் வேகன்களைப் பிரித்து, போகவேண்டிய ஊர்களின் வரிசைப்படி மறுபடி சேர்க்க வேண்டும். எஞ்சின் ஒவ்வொரு வேகனையும் கொண்டுபோய் வைத்துக்கொண்டிருக்காது. ஒரு தள்ளு தள்ளிவிட்டு நின்றுவிடும். வேகன் தானாக உருண்டு போய், அங்கே ஏற்கெனவே நிற்கிற வேகனில் முட்டும். அந்த இடத்தில் நிற்பவன் கொக்கியை மாட்டுவான். எப்போது தள்ளுவது, எப்போது விடுவது என்று டிரைவருக்குக் கையால் சைகை காட்டுபவர் ஷண்டர். விட்ட வேகனின் பக்கவாட்டில் கையை வைத்துக்கொண்டு அவரும் கூடவே நடப்பார். வேகன் மனிதனின் நடையைத் தாண்டிப் போகக்கூடாது என்பது விதி. கூடவே நடந்தால் தாண்டுகிறதா இல்லையா என்று தெரிந்துவிடும்.

1931இல் ஒரு மத்தியானம், நான் மதராசில் இருந்தபோது, அம்புரோஸ் அண்ணன் ஒரு வேகனை விட்டார். அது முட்டவேண்டிய வேகனின் அருகில் வாசு நின்றான். இரண்டிலும் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகத்திலிருந்து வந்த பால் டின் பெட்டிகள். வாசுவுக்கு அந்த வருடம்தான் கல்யாணம் ஆகியிருந்தது. அவன் தண்டவாளங்களுக்கு நடுவில், வேகனின் முகத்துக்கு முன்னால் நின்றான். அப்படி நிற்கக்கூடாது. எல்லோரும் அப்படித்தான் நிற்பார்கள். முட்டிய கணத்திலேயே கொக்கியைப் போடாவிட்டால் வேகன் துள்ளிப் பின்னால் போய்விடும், எஞ்சினை மறுபடி கூப்பிட வேண்டும், டிரைவர் ஏசுவார். வாசு கொக்கியைப் போட்டுவிட்டான். முட்டியதில் இரண்டு வேகனும் சேர்ந்து நகர்ந்தன. அவனும் நடுவில் சேர்ந்து நடந்தான். தடம் பிரியும் இடத்தில் இரும்பு இடுக்கில் அவன் கால் சிக்கிக்கொண்டது. வேகன்கள் நிற்கவில்லை. ஒரு வேகன் நீளத்துக்கும் கொஞ்சம் கூடவே நகர்ந்து, சரக்குக் கொட்டகையின் மூலைத்தூணுக்கு நேராகப் போய் நின்றன.

வாசுவின் சாவை விசாரிக்க ஒரு துரை வந்தார். வேகன் என்ன வேகத்தில் வந்தது என்று கேட்டார். நடை வேகம் என்றார் அண்ணன். நின்ற வேகனுக்குப் பிரேக் போட்டிருந்ததா என்று கேட்டார். போட்டிருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். வாசு எங்கே நின்றான் என்று கேட்டார். யாரும் பார்க்கவில்லை. விபத்து என்று முடித்துவிட்டுத் துரை போனார்.

நான் பி.ஏ. முடித்துத் திரும்பி வந்தது 1933 ஜனவரியில். எங்கும் ஆள்குறைப்பு. என் அப்பா இராமலிங்கம் தண்டவாளத்துக்குச் சல்லி போடும் கூலி. அவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. ஆபீசில் கணக்கெழுதும் கிராணிகளின் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் காலையில் குழாயடியில் அம்புரோஸ் அண்ணன் வாளியை வைத்துவிட்டு என் பக்கம் வந்தார்.

“தம்பி, நீ படிச்சது என்ன படிப்பு?”

“பௌதிகம்ணே.”

“அப்படின்னா?”

“சூடு, வெளிச்சம், காந்தம், பொருளெல்லாம் எப்படி நகருது, அதெல்லாம்.”

“நகர்றதா?” என்றார். வாளி நிரம்பி வழிந்தது. அவர் குழாயை மூடவில்லை. “நின்னுபோன வண்டி எவ்வளவு வேகத்துல வந்து முட்டுச்சுன்னு சொல்ல முடியுமா?”

“எங்க நின்னுச்சுன்னு தெரிஞ்சா சொல்லலாம்ணே.”

“எங்க நின்னுச்சுன்னு எனக்குத் தெரியும்” என்றார்.

அன்று சாயங்காலம் அவர் வீட்டு வாசலில் உட்கார்ந்து கேட்டேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: “கை வேகன் மேல இருந்துச்சு. அது நல்லா ஞாபகம் இருக்கு. கால் ஞாபகம் இல்லை. நான் நடந்தேனா ஓடினேனா, அதுதான் எனக்குத் தெரியணும்.”

“துரைகிட்ட நடந்தேன்னு சொன்னீங்களே.”

“சொன்னேன்.”

உள்ளேயிருந்து டோரிஸ் அக்கா காப்பியோடு வந்தார். “அந்தக் கதையைச் சொல்லுங்க, சாமியார் சொன்னதை” என்றார்.

“சாமியார்கிட்ட பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். வேகமா விட்டியா, அது பாவம், சொல்லு, மன்னிப்பு உண்டு. நடையிலதான் விட்டியா, அது பாவமில்லை, போய் வேலையைப் பாருன்னாரு. எதுன்னு நீதான் சொல்லணும்னாரு. நான் எதைச் சொல்றது?”

“ரெண்டையும் சொல்லிட்டு வாங்கன்னேன்” என்றார் அக்கா. “என்னமோ நான் கடையில கடன் சொல்லச் சொன்ன மாதிரி பார்த்தாரு.”

“செய்யாததைச் செஞ்சேன்னு சொன்னா அது வேற பாவம்.”

“இவரு கூட இருபது வருஷம் குடித்தனம் பண்ணேன் பாரு தம்பி, எனக்குத்தான் மோட்சம்” என்று அக்கா டம்ளரை என் கையில் திணித்தார். பிறகு குரல் மாறியது. “ஈஸ்டர் பாஸ்கு வருது. வருஷத்துக்கு ஒரு தரமாவது நற்கருணை வாங்கலன்னா எங்க வேதத்துல கணக்குலயே இல்ல. இந்த பாஸ்குக்கும் இவரு எழுந்திருக்கலன்னா நானும் எழுந்திருக்க மாட்டேன். சொல்லிட்டேன்.”

அண்ணனின் முகத்தில் வருத்தம் எதுவும் இல்லை. அதுதான் எனக்குச் சங்கடமாக இருந்தது. எடை பார்க்கத் தராசில் ஏறி நிற்கிறவரைப்போல உட்கார்ந்திருந்தார்.

எனக்குள் ஒரு பயம் இருந்தது. கல்லூரியில் யாரும் என்னிடம் விடை தெரியாத கேள்வியைக் கேட்டதில்லை. கேட்டவர்களுக்கு எப்போதும் விடை தெரியும். நான் அங்கே போய்ச் சேர்கிறேனா என்றுதான் பார்ப்பார்கள். மோதலைப் பற்றி நாங்கள் செய்த சோதனையும் அப்படித்தான். இரண்டு ஈயக் குண்டுகளை நூலில் தொங்கவிட்டு, ஒன்றில் மெழுகு தடவி, இன்னொன்றை இழுத்து விடுவோம். முட்டி ஒட்டிக்கொண்டு இரண்டும் சேர்ந்து எவ்வளவு தூரம் ஆடிப் போகின்றன என்று அளப்போம். முட்டுவதற்கு முன் ஒவ்வொன்றின் எடையையும் வேகத்தையும் பெருக்கிக் கூட்டினால் என்ன வருமோ, முட்டிய பிறகும் அதுவேதான் வரும். உந்தம் என்று அதற்குப் பெயர். வெளியிலிருந்து ஏதாவது பிடித்து இழுத்தாலொழிய அதன் மொத்தம் மாறுவதில்லை. ஒரே எடையுள்ள இரண்டு குண்டுகள் ஒட்டிக்கொண்டால் வேகம் சரிபாதி ஆகிவிடும். எங்களுக்கு வந்த எண்கள் சரிபாதியை ஒட்டித்தான் வந்தன. கொஞ்சம் உதைத்தால் நூலின் மேலும் காற்றின் மேலும் பழியைப் போட்டோம். அந்த விதியை நான் நம்பினேனா என்று என்னை நானே கேட்டுக்கொண்டதில்லை.

சக்திக்கும் அப்படி ஒரு விதி உண்டு. குண்டுகள் ஒட்டிக்கொள்ளும்போது ஓட்டத்தின் சக்தியில் பாதி காணாமற்போகிறது. ஆனால் அது அழிவதில்லை. சத்தமாகப் போகிறது, சூடாகப் போகிறது, மெழுகு நசுங்குவதில் போகிறது. எங்கே போயிற்று என்று தேடினால் கிடைத்துவிடும் என்பதுதான் அந்த விதியின் மேல் எல்லோருக்கும் உள்ள நம்பிக்கை. வேகன்களுக்கும் இதேதான். முட்டியதும் வேகம் பாதியாகும். மிச்சமுள்ள ஓட்டத்தைச் சக்கரத்தின் உராய்வு கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கும். தின்று முடிக்கிற இடத்தில் வேகன் நிற்கும். ஆகவே நின்ற இடத்திலிருந்து பின்னோக்கிப் போனால் முட்டியபோது இருந்த வேகம் வரும். ஒன்று மட்டும் எனக்குத் தெரியவேண்டும். பிரேக் போட்டிருக்கும்போது அந்த உராய்வு எவ்வளவு?

யார்டு ஃபோர்மன் லெஸ்லியிடம் போய், அளந்து பார்க்க அனுமதி கேட்டேன். அவர் தலையை நிமிர்த்தாமலே சொன்னார்: “எஞ்சினைத் தொடாதே. லைனுக்குள்ள நிக்காதே. ஏதாச்சும் ஆச்சுன்னா நீ யாருன்னே எனக்குத் தெரியாதுலா.”

தனியாகச் சோதனை எதுவும் வைக்கத் தேவையிருக்கவில்லை. யார்டில் நாள் முழுவதும் நடப்பதே சோதனைதான். ஒரு சுண்ணாம்புக் கட்டியோடு போய் ஓரத்தில் நின்றேன். நிற்கிற வேகனின் சக்கரம் தண்டவாளத்தைத் தொடும் இடத்தில் ஒரு கோடு. முட்டி நகர்ந்து நின்ற பிறகு இன்னொரு கோடு. எஞ்சின் டிரைவர் பழனியப்பன் தலையை வெளியே நீட்டிக் கத்தினார்.

“டேய் பி.ஏ.! உங்கப்பன் தண்டவாளத்துக்குச் சல்லி போடுறான். நீ கோலம் போடுறியா?”

“சும்மா பாக்கறேன்ணே.”

“பாரு, பாரு. மார்கழி முடிஞ்சு போச்சே, அதான் கேட்டேன்.”

கொக்கி மாட்டுபவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு வேகனுக்கும் பக்கவாட்டில் ஓர் இரும்புக் கை உண்டு. அதை அழுத்தி ஆணி செருகினால் பிரேக் கட்டை சக்கரத்தைப் பிடித்துக்கொள்ளும். என் கண் முன்னால் ஒவ்வொரு முறையும் ஒழுங்காக அழுத்தி ஆணி செருகினார்கள். சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டுச் செருகினார்கள்.

சரக்கேற்றிய வேகன்கள் நடை வேகத்தில் முட்டியபோது சுமார் ஓர் அடிதான் நகர்ந்தன. பல தடவை பார்த்தேன். அநேகமாக அதேதான். என் சுண்ணாம்புக் கோடுகள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. அதைப் பார்த்தபோது எனக்கு ஒரு சந்தோஷம் வந்தது. ஈயக் குண்டுகளிடம் வராத சந்தோஷம். வீட்டுக்கு வந்து, மூலைத்தூண் வரை போகவேண்டுமானால் என்ன வேகம் வேண்டும் என்று போட்டுப் பார்த்தேன். சந்தோஷம் போய்விட்டது. அண்ணன் நடந்திருக்க முடியாது. ஓடியிருக்க வேண்டும். பந்தயத்தில் ஓடுகிற பையன் ஓடுவதுபோல ஓடியிருக்க வேண்டும்.

அடுத்த சில நாள் அவரைத் தவிர்க்கக் குழாயடிக்கு நேரம் தவறிப் போனேன். கணக்கில் தப்பு இருக்கிறதா என்று பார்த்தேன். இல்லை. ஒரு நாள் அண்ணனே என்னைத் தேடி வந்து கணக்குச் சொல்லிக் கொடுக்கிற இடத்தின் வாசலில் நின்றார். பிள்ளைகளை அனுப்பிவிட்டுச் சொன்னேன்.

“ஓடினேனா?”

“கணக்கு அப்படித்தான் சொல்லுதுண்ணே. ரொம்ப வேகமா.”

அவர் தலையை ஆட்டினார். மழை வருமா என்று கேட்டவருக்கு வரும் என்று சொன்னால் ஆட்டுவது போல. “சரி. அப்போ அதைச் சொல்லிடலாம்” என்றார். பாவசங்கீர்த்தனத்தைத்தான் சொல்கிறார் என்று புரிந்தது. போகத் திரும்பியவரை நான்தான் நிறுத்தினேன். கணக்கின் மேல் எனக்கிருந்த நம்பிக்கையைவிட, அதைக் கேட்டுக்கொண்டு அவர் போன விதம் எனக்குப் பயமாக இருந்தது.

“ஒரு தடவை ஓடிப் பாத்துடலாம்ணே.”

மறுநாள் பழனியப்பன் பலமாக ஒரு தள்ளு தள்ளினார். பிரேக் போட்டு நின்ற சரக்கேற்றிய வேகனை நோக்கி அதே எடையுள்ள இன்னொரு வேகன் போயிற்று. அம்புரோஸ் அண்ணன் கையை வைத்துக்கொண்டு ஓடினார். நாற்பதைத் தாண்டிய ஆள். பூட்ஸ் சல்லியில் வழுக்கியது. பாதி தூரத்தில் கை வேகனிலிருந்து நழுவிவிட்டது. வேகன் தனியாகப் போய் முட்டிய சத்தத்தில் கொட்டகைக்குள்ளிருந்து ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். நகர்ந்தது அரை வேகன் நீளம்கூட இல்லை. மூலைத்தூண் இன்னும் தள்ளி இருந்தது.

“என்ன அம்புரோசு, இந்த வயசுல ஒலிம்பிக்குக்குப் போறியா?” என்றார் பழனியப்பன்.

அண்ணன் மூச்சு வாங்கியபடி கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். “கை எடுபட்டுடுச்சு தம்பி. அன்னிக்கு எடுபடலை.”

அதன் பிறகு நான் தூங்காமல் யோசித்தேன் என்று எழுதினால் பொய். நன்றாகத் தூங்கினேன். ஆனால் பகலில் அது என்னை விடவில்லை. தூணுக்கு நேராக வேகன் நின்றது உண்மை, எல்லோரும் பார்த்தது. கை எடுபடாமல் இருந்தது அண்ணனின் ஞாபகம். உந்தத்தின் விதி புத்தகம். மூன்றும் ஒத்துப்போகவில்லை. மதராசில் கடைசி வருடம் ஒரு சஞ்சிகையில் படித்திருந்தேன்: சில கதிர்ப்பொருள்களிலிருந்து துகள்கள் தெறித்து வரும்போது சக்தியின் கணக்கு நேராவதில்லையாம். அந்தச் சின்ன உலகத்தில் விதியே செல்லுபடியாகவில்லையோ என்கிறார்கள் ஒரு சாரார். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்று மிச்சத்தை எடுத்துக்கொண்டு போகிறது, அதைத் தேடுங்கள் என்கிறார்கள் இன்னொரு சாரார். ஐரோப்பாவின் பெரிய மூளைகளே இரண்டாகப் பிரிந்து நிற்கிற இடத்தில் நான் எந்தப் பக்கம்? சல்லிக் கூலியின் மகனுக்கு விதியைச் சந்தேகப்படத் துணிச்சல் இல்லை. அண்ணனின் கையைச் சந்தேகப்பட மனசில்லை. அப்படியானால் நான் சந்தேகப்படாமல் விட்ட ஏதோ ஒன்று இருக்கவேண்டும்.

அதை எடுத்துக் கொடுத்தது பழனியப்பனின் வாய். இரண்டு நாள் கழித்து நான் மறுபடி யார்டுக்குப் போனபோது அவர் எஞ்சினிலிருந்து இறங்கி வந்தார்.

“தம்பி, உன் ஆராய்ச்சி எப்ப முடியும்? நீ வந்ததுலேருந்து பால் டின்னெல்லாம் நசுங்குது, சோடா பாட்டிலெல்லாம் உடையுது. லெஸ்லி எங்களைப் போட்டுத் தாளிக்கிறான்.”

“நான் என்னண்ணே பண்ணேன்?”

“உனக்காகத்தானே பிரேக்கு போட்டுத் தொலைக்கிறானுங்க. கையில சுண்ணாம்போட படிச்ச ஆள் வந்து நின்னா விசாரணைன்னு நினைக்க மாட்டானுங்களா? இல்லன்னா எவன் போடுவான்? லூசா விட்டாத்தான் முட்டினதும் வண்டி கொஞ்சம் கொடுக்கும். சரக்கு அலுங்காது.”

நான் அம்புரோஸ் அண்ணனைப் பார்த்தேன். அவர் பக்கத்தில்தான் நின்றார். பழனியப்பன் சொன்னதில் அவருக்கு ஒன்றும் புதிதாகப் படவில்லை.

“அண்ணே, பிரேக்கு போட்டிருந்துச்சுன்னு சொன்னீங்களே.”

“ஆமா, போட்டிருந்துச்சு” என்றார் உடனே. பிறகு வாய் திறந்தபடியே நின்றுவிட்டது.

பழனியப்பன் தோளைக் குலுக்கிவிட்டு எஞ்சினில் ஏறினார். நான் கேட்டுக்கொண்டபடி, பிரேக் போடாமல் ஒரு வேகனை நிறுத்தினார்கள். ஆளை நடுவில் நிற்க விடவில்லை. அண்ணன் கையை உயர்த்தி வேகனை விட்டு, பக்கத்தில் நடந்து வந்தார். வெறும் நடை. தண்ணீர் வாளியோடு குழாயடியிலிருந்து வருகிற நடை. முட்டிய சத்தம் பெரிதாக இல்லை. இரண்டு வேகனும் சேர்ந்து அவசரமே இல்லாமல் நகர்ந்தன. நிற்கப் போகின்றன என்று நினைத்த இடத்தில் நிற்கவில்லை. தடம் பிரியும் இடத்தைத் தாண்டி, மூலைத்தூணுக்குச் சற்று முன்னால் போய் நின்றன. நான் சுண்ணாம்பை எடுக்கவே இல்லை.

“நடந்திருக்கீங்கண்ணே” என்றேன். சொன்ன பிறகு என் குரலில் வெற்றி இருந்ததைக் கவனித்தேன்.

அண்ணன் இரும்புக் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அது மேலே தூக்கியபடி இருந்தது. “லூசா விடுன்னு நான்தான் சொல்லுவேன். நான் கொக்கி மாட்டின காலத்துல எனக்குச் சொன்னாங்க. நான் இவனுங்களுக்குச் சொல்லுவேன்.”

“அன்னிக்கும் சொன்னீங்களா?”

“தினம் சொல்றதுதானே தம்பி. அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தாத்தான் ஞாபகம் இருக்கும்.”

“துரைகிட்ட ஏன்...”

“துரை கேட்டா போட்டிருந்துச்சுன்னுதான் சொல்லணும். எல்லாரும் அப்படித்தான் சொல்லுவோம். சொல்லிச் சொல்லி, எனக்கே போட்டிருந்த மாதிரிதான் இருந்துச்சு.”

இரண்டு வருடமாகத் தன் காலையே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். வாயைப் பற்றி நினைக்கவில்லை. நான் அவரிடம் ஏதாவது சொல்லவேண்டும் என்று நினைத்தேன். பௌதிகத்தில் அதற்கு ஒன்றும் இல்லை. வேகன் ஏன் அங்கே நின்றது என்று மட்டும் அது சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொண்டது.

வாசுவின் மனைவி நல்லம்மாள் பாசார் கடைத்தெருவுக்குப் போகிற சந்தில் காலையில் தோசை சுட்டு விற்கிறாள். அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார். கூட்டம் குறையும்வரை ஓரமாக நின்றோம்.

“வாங்கண்ணே. அக்கா நல்லாருக்காங்களா?” என்றாள். “இதாரு, இராமலிங்கம் அண்ணன் மகனா? பி.ஏ.வா? பாத்தா சாப்பிடாத ஆளு மாதிரி இருக்கீங்க. உக்காருங்க.”

அண்ணன் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். வேகன் நடையில்தான் வந்தது, பிரேக் போடவில்லை, போடாதே என்று சொன்னது தான்தான். ஒவ்வொன்றாக, விசாரணையில் சொல்வது போலச் சொன்னார். நல்லம்மாள் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டு கேட்டாள்.

“பிரேக்கு போடறதில்லன்னு எனக்குத் தெரியும்ணே. வீட்டுல சொல்லிச் சிரிப்பாரு. பிரேக்கு போட்டா அம்புரோசண்ணே ஏசுவாரு, பால் டின்னுக்கு அவ்வளவு பாசம்னு.”

அவள் கரண்டியைக் கல்லின் ஓரத்தில் வைத்தாள்.

“போட்டிருந்தா?” என்றாள் என்னைப் பார்த்து.

“ஒரு அடி நகர்ந்திருக்கும்.”

“கால் மாட்டின இடம் வரைக்கும் வராதா?”

“வராது.”

கல்லில் இருந்த தோசை கருக ஆரம்பித்தது. அவள் அதைச் சுரண்டி எடுத்து வாளியில் போட்டாள். வேறு மாவு ஊற்றினாள். “சாப்பிட்டுப் போங்க” என்றாள், யாரையும் பார்க்காமல். நாங்கள் உட்கார்ந்து சாப்பிட்டோம். காசை வாங்க மறுத்துவிட்டாள். அண்ணனை அவள் மன்னித்தாளா என்று பிற்பாடு என் அம்மா கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு அவள் டோரிஸ் அக்கா வீட்டுக்கு வருவது குறைந்துவிட்டது; ஆனால் நிற்கவில்லை.

பெரிய சனிக்கிழமை அந்தோணியார் கோயிலில் பாவசங்கீர்த்தனத்துக்கு வரிசை வாசல் வரை நின்றது. நான் வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வரிசை மெதுவாக நகர்ந்தது. அண்ணன் உள்ளே போனார், வெளியே வந்தார்.

“என்னண்ணே சொன்னாரு?”

“கேட்டாரு. மூணு பிரியதத்த மந்திரம் சொல்லச் சொன்னாரு.”

“அவ்வளவுதானா?”

“நானும் அதைத்தான் கேட்டேன். அவ்வளவுதான்னாரு. வரிசை பெரிசா நிக்குதுல்ல.”

மறுநாள் பாஸ்கு. டோரிஸ் அக்கா வரச் சொன்னதால் நானும் போய்க் கடைசியில் நின்றேன். மணி அடித்ததும் எல்லோரும் எழுந்தார்கள். பெண்கள் பக்கத்தில் அக்கா எழுந்திருக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தார். அண்ணன் பெஞ்சின் ஓரத்தில் வழக்கம்போல முழங்காலை ஒதுக்கி இரண்டு பேருக்கு வழி விட்டார். மூன்றாவது ஆளுக்குப் பின்னால் அவரும் எழுந்து போனார். அப்போதுதான் அக்கா எழுந்தார். முக்காட்டை இழுத்து முகத்தை மூடிக்கொண்டு போனதால் அழுதாரா என்று பார்க்க முடியவில்லை. அண்ணன் அழவில்லை. திரும்பி வந்து முழங்காலிட்டு, முன் பெஞ்சின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

வீட்டுக்கு நடந்து வரும்போது அக்கா முன்னால் போய்விட்டார். நான் கேட்காமலே அண்ணன் சொன்னார்: “மேல்நாக்குல ஒட்டிக்கிச்சு. வேற ஒண்ணும் தெரியல தம்பி.”

“கொஞ்ச நாள் ஆகும்ணே” என்றேன். எதை வைத்துச் சொன்னேன் என்று எனக்கே தெரியாது.

“ஆகட்டும்.”

திங்கட்கிழமை நான் யார்டு வழியாகப் போனேன். போர்ட் சுவெட்டன்ஹாம் சரக்கு வந்திருந்தது. புதிதாகச் சேர்ந்திருந்த கொக்கி மாட்டும் ஆள் தூரத்திலிருந்து கத்தினான்.

“அண்ணே, பால் டின்னு! லூசா விட்டுரவா?”

“போடு.”

“நசுங்கும்ணே! லெஸ்லி கொல்லுவான்லா!”

“நசுங்கட்டும். வெளிய வா.”

அண்ணன் தானே நடந்து போய் இரும்புக் கையைக் காலால் மிதித்து அழுத்தி, ஆணி செருகியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். அந்த ஆளைத் தோளைப் பிடித்துத் தண்டவாளத்துக்கு வெளியே நிறுத்தினார். எஞ்சினிலிருந்து பழனியப்பன், “இப்படியே போனா பொழுது விடிஞ்சிடும்யா” என்று கத்தினார். அண்ணன் திரும்பி வந்து கையை உயர்த்தினார். வேகனை விட்டார். கூடவே நடந்தார். முட்டிய சத்தம் கேட்டது. வேகன் ஓர் அடி நகர்ந்து நின்றது, கொஞ்சம் பின்னால் துள்ளியது, கொக்கி விழவில்லை. உள்ளே பெட்டிகள் சரிந்து விழுந்தன.

“மறுபடி கொண்டா” என்று அண்ணன் எஞ்சினுக்குக் கை காட்டினார்.